கேபிளை நிறுத்தி 4 மாசம் ஆச்சு, பாலக்கோடு பக்கம் எங்க வீட்டு அனுபவம்

மழை தூறுனாலே படம் போயிடும், கேபிள்காரருக்கு போன் பண்ணா நாளைக்கு வரேன் தம்பின்னு 3 நாள் இழுப்பாரு, அதுல வெறுத்துப்போய் தான் நெட்லயே டிவி பாத்துக்கலாம்னு ஃபைபர் இன்டர்நெட் லைன் இழுத்தேன். 30 எம்பிபிஎஸ் ஸ்பீடு பிளான் தான், ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும்ங்கிறதால ஹால்ல டிவி ஓட தம்பி உள்ள போன் நோண்டிட்டு இருந்தாலும் படம் எங்கயும் சுத்தி நிக்கல. டிவி பழசு தான், ஹெச்டிஎம்ஐ போர்ட் இருந்ததால, நெட்ல வர்றத டிவில காட்டுற ஃபயர் ஸ்டிக்க சொருகுனதோட வேலை முடிஞ்சுது. முதல்ல போன் ஹாட்ஸ்பாட்ல ஓட்டி பாத்தேன், மணிக்கு 2, 3 ஜிபி குடிக்குது, கட்டுப்படியாகாது.

சிக்கல் அம்மா தான். சன் டிவியோட ஆப் சன் நெக்ஸ்ட்ல அதே சீரியல் இருக்கும்மான்னு காட்டுனா, "நம்பர் எங்கடா இதுல"ன்னு ரிமோட்ட தூக்கி வெச்சிடுச்சு. இப்ப மைக் பட்டன அமுத்தி பேர சொல்ல பழகிடுச்சு, ஆனா பக்கத்து வீட்ல வந்த சீன் நம்ம வீட்ல அரை நிமிஷம் லேட்டா வருதுன்னு இன்னும் பொலம்பல் (அது உண்மைதான், லைவ்ல அப்படித்தான் வரும்).

கரண்ட் போய் வந்தா ரவுட்டர் எழுந்திரிக்க 2 நிமிஷம் ஆகுது, அதுக்குன்னே 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு போட்டேன், முதல் நாளே வாங்கிருக்கணும். அப்பா தக்காளி மண்டிக்கு போய்ட்டு வந்து நியூஸ் மட்டும் தான் பாப்பாரு, அது யூடியூப்லயே லைவா வந்துடுது.