இலைப் படம் போட்ட கடை: வாங்கியதும் வாங்காமல் வந்ததும்

காரைக்குடியில் ஒரு பழைய நகரத்தார் வீட்டின் முகப்பை வாடகைக்குப் பிடித்து, ஹெம்ப் (கஞ்சாச் செடி) பொருள் விற்கும் ஒரு பிராண்ட் கடை போட்டிருக்கிறது. போன மாதம் இரண்டு தடவை போய் வந்தேன். கீழே நிறையக் குறை சொல்லப் போகிறேன், அங்கே நிற்கிற தம்பி நல்ல பையன் வேறு, அதனால் பெயர் போடவில்லை. ஊர்க்காரர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்திருக்கும்.

"அங்கே கஞ்சா கிடைக்குமா?" என்று எல்லாரும் கேட்கிற கேள்விக்கு முதலிலேயே பதில்: இல்லை, அது கிடைக்காது. கஞ்சாச் செடியின் விதை, விதை எண்ணெய், நாரில் நெய்த துணி, சோப்பு, பெரும்பாலும் இவ்வளவுதான், ஒரு சொட்டு மருந்தும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்று வருவது பூவும் காயும் விட்ட நுனி, அந்த நுனியோடு சேராத விதை அதில் வராது. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதையையும் எண்ணெயையும் மாவையும் உணவுப் பொருளாகவே அறிவித்துவிட்டது. போதை தருகிற டி.எச்.சி. விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, எண்ணெயில் 10. சாதாரணமாகச் சாப்பிடுகிற அளவில் போதை ஏறாது.

ஆனால் கடை வாசலில் நின்று பார்க்கிறவருக்கு இது எங்கே தெரிகிறது? கஜலட்சுமி செதுக்கிய பர்மா தேக்கு நிலை, அதற்கு மேலே பச்சை நியானில் ஏழு விரல் இலை. உள்ளே டீ-ஷர்ட்டில் இலை, கீ செயினில் இலை, சோப்பில் இலை. நான் போன நேரம் காலேஜ் பையன்கள் நாலு பேர் திண்ணையில் உட்கார்ந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் எதுவும் வாங்கவில்லை. ஒருவன் மட்டும் எழுந்து வந்து தம்பியிடம் குரலைத் தாழ்த்தி என்னமோ கேட்டான், தம்பி அலுத்துப்போய் "விதை இருக்கு, சோப்பு இருக்கு" என்றான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வானோ.

என் அத்தை மகன் டொராண்டோவில் இருக்கிறான். கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து நிஜச் சரக்கையே சட்டப்படி விற்கிறார்கள், அங்கே போயிருந்தபோது ஒரு கடையைக் காட்டக் கூட்டிப் போனான். 19 வயது ஆனதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும். உள்ளே இருப்பது சின்னப் பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. டப்பா எல்லாம் மருந்துக்கடை டப்பா மாதிரி மொட்டையாக, மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை, டி.எச்.சி. எவ்வளவு என்ற கணக்கு, வரி முத்திரை. நிஜத்தை விற்கிறவன் அவ்வளவு அடக்கமாக விற்கிறான், எள்ளு மாதிரி ஒரு விதையை விற்க நமக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

சரி, பொருளுக்கு வருவோம். உரித்த விதை 250 கிராம் 450 ரூபாய். வெள்ளையும் இளம்பச்சையுமாக, எள்ளை விடக் கொஞ்சம் பெரிசு, பல்லில் பட்டதும் மாவாகக் கரைகிறது. முந்திரியை நினைவூட்டும் ருசி, கடைசியில் லேசாகப் புல் வாசனை. நூறு கிராமில் புரதம் 30 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, எள்ளில் 18 கிராம் தேறினால் பெரிசு, ஆக பாக்கெட்டில் போட்டிருப்பது பொய் இல்லை. விலைதான் எள்ளைப் போலப் பல மடங்கு. தோலோடு இருக்கிற விதையும் உண்டு, அது பாதி விலை, நான் சொல்வது அதை வாங்குங்கள் என்றுதான்.

ஏனென்றால் உத்தராகண்ட் மலைக்காரர்கள் இந்த விதையை வறுத்து, சீரகம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்துச் சட்னியாகவே சாப்பிடுகிறார்கள். அப்பத்தாவிடம் இதைச் சொன்னதும், "எலுமிச்சம்பழம் எதுக்கு, புளி வச்சுக்க" என்று அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் வறுத்தோம். சோளம் மாதிரி பொரியாது, சின்னதாகப் படபடவென்று வெடிக்கும், அந்தச் சத்தம் அடங்கும்போது இறக்கிவிட வேண்டும், விட்டால் கசக்கும். வரமிளகாய் நாலு, பூண்டு ரெண்டு பல், புளி, கல் உப்பு. அம்மியில் முதல் இழுப்பில் தோல் நறநற என்று அடம் பிடித்தது, தண்ணீர் தெளித்துத் தெளித்து இழுத்த பிறகு எண்ணெய் கக்கிப் பளபளவென்று வந்தது. மிக்சியிலும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன், தோல் பல்லிடுக்கில் மாட்டியது, சரிப்படவில்லை. கவுனி அரிசிக் கஞ்சிக்கு அந்தத் துவையலை வைத்துச் சாப்பிட்ட அப்பத்தா, "எள்ளுத் துவையலுக்கு ஒரு படி கீழதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு உருண்டை எடுத்தது.

எண்ணெய்க் கதை வேறு. 250 மில்லி 600 ரூபாய். மூடியைத் திறந்தால் வீட்டு நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடித்த நாள் ஞாபகம் வந்தது, அப்படி ஒரு காறல். குறை விதையில் இல்லை, வைத்த இடத்தில். ஒமேகா-3 அதிகம் இருக்கிற எண்ணெய் வெளிச்சத்திலும் சூட்டிலும் சீக்கிரம் கெடும். இவர்கள் அதைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, மேற்கு வெயில் நேராக விழுகிற ஜன்னல் அலமாரியில் அழகுக்கு அடுக்கியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வெயிலுக்கு எது தாங்கும்? திருப்பிக் கொண்டு போனேன், தம்பி ஒரு பேச்சுப் பேசாமல் மாற்றித் தந்தான், ஆனால் எடுத்தது அதே அலமாரியிலிருந்து. "தம்பி, உள்ள இருந்து குடுப்பா" என்றேன். "உள்ள ஸ்டாக் இல்லீங்க ஆச்சி." (நான் ஆச்சி இல்லை, இந்த ஊரில் முப்பது தாண்டி பட்டுச்சேலை கட்டினால் எல்லாரும் ஆச்சிதான்.) எண்ணெய் வேண்டாம் என்று அதே பணத்துக்கு விதை வாங்கிக்கொண்டேன். நல்ல பாட்டில் கிடைத்தாலும் தாளிக்கக் கூடாது, சீக்கிரம் புகைந்துவிடும், ஃபிரிட்ஜில் வைத்துப் பச்சையாக ஊற்றிக்கொள்ளத்தான். செக்கு நல்லெண்ணெய் ஓடுகிற ஊரில் இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சட்டை 3,200 ரூபாய். முதலில் மொடமொடவென்று இருக்கும், துவைக்கத் துவைக்க இளகும், நார் கெட்டி, ரொம்ப நாள் உழைக்கும் என்று தோன்றுகிறது. நூல் சீனாவிலிருந்து வருகிறதாம், தம்பியே சொன்னான். அதே காசுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கண்டாங்கிச் சேலை வாங்கலாமே என்று என் மனசு சொன்னது, வாங்கவில்லை. சோப்பு, சோப்புதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நாக்கடியில் விடுகிற சொட்டு மருந்தும் இருக்கிறது, 'விஜயா' என்று ஆயுர்வேதப் பெயரில். இது விதை இல்லை, இலையிலிருந்து எடுப்பது, மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். மூட்டுவலி என்றேன், "வீடியோல டாக்டர் வருவாங்க, அஞ்சு நிமிஷம்" என்றான். பல்லாங்குழி ஆடக்கூட அஞ்சு நிமிஷம் பத்தாது, தொடவில்லை.

கடைசியாக, கோபமே வந்த விஷயம். விதைப் பாக்கெட்டில் தமிழில் 'சணல் விதை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சணல் என்றால் நமக்குக் கோணிப்பை. சுற்றுக் கிராமத்தில் சொன்னால், நடவுக்கு முன்னால் வயலில் விதைத்து மடக்கி உழுகிற சணப்பு என்ற செடியைத்தான் நினைப்பார்கள். அந்தச் சணப்பு விதையில் கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சு இருக்கிறது. 450 ரூபாய் விதையின் பெருமையைக் கேட்டுவிட்டு யாராவது உரக்கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வறுத்தால் என்ன ஆகும்? 'ஹெம்ப் விதை' என்றோ பச்சையாகக் 'கஞ்சா விதை' என்றோ போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. சுவர் முழுக்க இலையை வரையும்போது வராத வெட்கம் தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் வருகிறது? தம்பியிடம் சொன்னேன், போட்டோ எடுத்து மேலே அனுப்பினான், இரண்டாவது தடவை போனபோதும் அதே பாக்கெட்தான்.

தோலோடு விதைக்கு மட்டும் மறுபடி போவேன். முதல் தடவை அவர்கள் கொடுத்த இலைப் பையோடு டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க, பையை உள்வெளியாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த தடவை வீட்டிலிருந்தே மஞ்சப்பை எடுத்துப் போய்விட்டேன்.