பேட்ச்சா, சுயிங்கமா? ஆணுக்குச் சரிவந்தது பெண்ணுக்கும் சரிவருமா?

அண்ணனும் அண்ணியும் ஒரே நாளில்தான் சிகரெட்டை விட்டார்கள். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் இரண்டு பேருக்கும் பழகிய பழக்கம், திருகோணமலை உப்புவெளிக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. ஊருக்கு வந்த சித்தப்பா இருவருக்கும் தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிக்கோடின் பேட்ச் கொண்டுவந்து கொடுத்தார். அண்ணன் தப்பிவிட்டார், அண்ணி மூன்றாம் கிழமை திரும்பப் பற்றவைத்தார். ‘அவளுக்கு மனவுறுதி இல்லை’ என்று வீட்டில் சொன்னார்கள். அது அநியாயம்.

பேட்ச் செய்வது ஒரே வேலைதான்: தோல் வழியாக நாள் முழுக்க ஒரே சீராக நிக்கோடினை விடும். நிக்கோடினுக்காகவே புகைப்பவருக்கு அது போதும். 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008 ஆம் ஆண்டு அலசலில், பேட்ச்சால் கிடைக்கும் பலன் பெண்களுக்குக் குறைவாகவே தெரிந்தது. ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் காரணமாகப் பெண் உடல் நிக்கோடினை வேகமாகக் கரைக்கிறது, கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் வேகம். மூளையிலும் வித்தியாசம் உண்டு: 2012 இல் யேல் பல்கலைக்கழகத்தார் எடுத்த ஸ்கேன்களில், புகைக்கும் ஆண்களுக்கு நிக்கோடின் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகள் கூடியிருந்தன, பெண்களுக்கு அப்படி இல்லை. பல பெண்களை இழுப்பது மணம், ருசி, விரலிடுக்கில் அது இருக்கும் சுகம், மனப்பாரம். பேட்ச் இதில் எதைத் தொடும்?

நிக்கோடின் சுயிங்கம் அந்த இடத்தில்தான் உதவுகிறது, ஆசை வரும் நிமிடத்திலேயே வாய்க்கும் கைக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் சாதாரண சுயிங்கம்போல் சப்பித் தள்ளினால் விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம். காரம் ஏறும்வரை மெல்ல மென்று, கன்னத்தோரம் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். எழும்பி 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் தேடுபவருக்கு 4 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 2. மெல்லுவதற்கு முன் 15 நிமிடமும் மெல்லும்போதும் கோப்பி, சோடா, தேசிக்காய்த் தண்ணீர் கூடாது, புளிப்பு நிக்கோடினை உள்ளே போகவிடாது. பிறகு சுயிங்கம் எடுத்துப் பார்த்தபோது அண்ணி கோப்பியோடு சேர்த்துத்தான் மென்றுகொண்டிருந்தார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னைக் கேட்டால் பெண்களுக்குப் பேட்ச்சை மட்டும் கொடுத்து அனுப்பக்கூடாது. பேட்ச்சோடு சுயிங்கம், கூடவே அடிக்கடி பேசி விசாரிக்க ஒரு ஆள். ஒன்றைவிட இரண்டும் சேர்ந்தால் பலன் கூடுதல், இது ஆணுக்கும் பொருந்தும். புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வெரனிக்லின் மாத்திரை பெண்களிடம் பேட்ச்சை முந்துகிறது, ஆண்களிடம் அந்த இடைவெளி அவ்வளவு தெளிவில்லை, ஆனால் அதை வைத்தியர் எழுதித்தர வேண்டும். கர்ப்பிணிகள் எதைத் தொடவும் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

திருகோணமலை வெயிலில் பேட்ச் வியர்த்துக் கழன்றுவிடும், ஆகவே அண்ணி இப்போது விடியவே, குளித்துத் துவட்டிய கையோடு மேல்கையில் ஒட்டி, பத்து விநாடி அழுத்திப் பிடிக்கிறார். பின்னேரம் கடற்கரையில் நடக்கும்போது சட்டைப்பையில் சுயிங்கம் இருக்கிறது. அண்ணன் பக்கத்தில் நடக்கிறார், ‘இன்னும் விடவில்லையா’ என்று கேட்பதில்லை.