மூக்கடைப்புக்குப் போய் 18,500 ரூபாயைத் தொலைத்தேன்: பெங்களூர் மக்களே, உஷார்!

அலர்ஜியைக் குணமாக்குகிறேன் என்று என்னிடம் பணம் வாங்கிய மையத்தின் நம்பருக்கு நேற்று ராத்திரி கடைசியாக அடித்தேன். பிளாக் செய்துவிட்டார்கள். 18,500 ரூபாய்! சூட்டோடு சூடாக எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மூக்கு அலர்ஜித் தொல்லையைச் சமாளிக்கும் வழியைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே காலி மனை. இடுப்பளவு பார்த்தீனியக் களை. மழை விழுந்து வெள்ளைப்பூ பூத்ததும் எனக்குக் காலையில் பதினைந்து தும்மல், மூக்கொழுகல், கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு. ஹே ஃபீவர், அதாவது வைக்கோல் காய்ச்சல் என்று பேர்தான். காய்ச்சலும் இல்லை, வைக்கோலும் இல்லை. மகரந்தத்தை உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டை போடுகிறது.

'அலர்ஜி வேரோடு போகும்' என்று போனில் விளம்பரம் வந்தது. ஒரு இயற்கை சிகிச்சை மையம். ரிசப்ஷன் பையன் என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுச் சிரித்து, "தமிழா அக்கா? நானும் கிருஷ்ணகிரிதான்" என்றான். அங்கேயே பாதி விழுந்தேன். உள்ளே இருந்தவர் நான் வாய் திறக்கும் முன்பே, "எழுந்ததும் அடுக்குத் தும்மல், மூக்கு நுனி அரிப்பு, சரியா?" என்றார். மீதியும் விழுந்தேன். இந்த அலர்ஜி உள்ள முக்கால்வாசிப் பேருக்கு இதேதான் என்று அப்போது உறைக்கவில்லை.

கையில் ஒரு கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். மூன்றே நிமிஷத்தில் மெஷின் பட்டியல் துப்பியது: தயிர், கத்தரிக்காய், வேர்க்கடலை, கோதுமை... ஒரு பூ, ஒரு புல்லின் பேர் இல்லை! மூன்று மாசச் சூரணத்துக்கு 18,500 ரூபாய், ஜிபேயில், ரசீது இல்லாமல்.

இரண்டு வாரம் கழித்துத் தும்மல் கூடியது. "நச்சு வெளியேறுது மேடம்." (அக்கா போய் மேடம் வந்ததைக் கவனியுங்கள்.) அடுத்த வாரம், "தயிர் சாப்பிட்டிருப்பீங்க." அப்புறம், "டாக்டர் வெளியூர்." பணத்தைக் கேட்டதும், "அடுத்த சீசனுக்கு கழிச்சுக்கலாம்." அதன்பின் நீல டிக் மட்டும்தான்.

போன வாரம் ஒரு ஈஎன்டி டாக்டரிடம் போனேன். "டெஸ்டுக்கு முன்னாடி செட்ரிசின் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் நிஜ டெஸ்டுக்கு அந்த மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டுமாம், இல்லாவிட்டால் தடிப்பே வராதாம். நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். பார்த்தீனியச் சொட்டு வைத்த இடம் கால் மணி நேரத்தில் கொசுக்கடி மாதிரி வீங்கியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு 18,500 ரூபாய் தேவைப்பட்டிருக்கவில்லை.

சரி, வழி சொல்கிறேன் என்றேனே. அலர்ஜி டெஸ்ட் என்று கம்பி, முடி, விரல் கிளிப் எதைக் காட்டினாலும் எழுந்து வந்துவிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே பலன் காட்டச் சில நாள் ஆகும், தினமும் அடிக்க வேண்டும், முடிந்தால் பூ பூக்கும் முன்பே. மூக்கடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் தொடாதீர்கள், அடைப்பு இன்னும் மோசமாகும். பேர் தெரியாத பொடி வேண்டாம். ரசீது வாங்குங்கள். இதற்கு மேல் எழுதப் பொறுமை இல்லை.

அந்தப் பையன் கிருஷ்ணகிரிதானா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.