பாம்பனில் ஒரு சிறிய மெஸ்: புளித்த மாவும் ஐஸ் பெட்டியும்

பாம்பன் கடைத்தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் சந்தில் கணவனும் மனைவியும் நடத்தும் இந்த மெஸ்ஸில், எட்டு மாதங்களாக வாரம் மூன்று நாளாவது சாப்பிட்டு வருகிறேன்.

காலை இட்லிக்காகவே இங்கே வரலாம். மாலையில் ஆட்டிய மாவை அந்த அக்கா கையாலேயே கரைத்து, பாதிப் பானை அளவோடு நிறுத்தி மூடி வைக்கிறார். விடியும்போது அது மூடியைத் தொடுமளவுக்குப் பொங்கி நிற்கிறது. கரண்டியை விட்டால் சிறுசிறு குமிழ்கள் உடையும் ஓசைகூடக் கேட்கிறது. உளுந்தோடு இயல்பாகவே வரும் லியூக்கோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா வெளியிடும் கரியமில வாயுதான் மாவை எழுப்புகிறது. கூடவே வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் புளிப்பு, கெடுதல் செய்யும் கிருமிகள் பலவற்றை வளரவிடாமல் தடுக்கிறது. சோடா உப்பு போட்ட இட்லியில் இந்தச் சுவை வருவதே இல்லை. நெத்திலிக் கருவாட்டோடு தரும் பழைய சோறும் அருமை.

மீன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். சென்ற ஆண்டு இதே கரையில் வேறோர் உணவகத்தில் சூரைமீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடலெல்லாம் தடித்துவிட்டது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்த உடனே குளிரில் வைக்காவிட்டால், அவற்றின் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தை பாக்டீரியாக்கள், ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளாக மாற்றிவிடும் என்றும், கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகுமே தவிர உருவான ஹிஸ்டமின் அழியாது என்றும் மருத்துவர் விளக்கிய பிறகுதான் அது மீன் ஒவ்வாமை அல்ல என்று புரிந்தது. அந்த மீனில் கெட்ட வாடை எதுவும் இருக்கவில்லை என்பதுதான் இன்றும் என்னை அச்சுறுத்துகிறது.

ஆகவே இங்கே வந்த முதல் நாளே, "அண்ணே, மீன் பெட்டியைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்காமல் திறந்து காட்டினார். நொறுக்கிய ஐஸ் ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, மேலே மறுபடியும் ஐஸ். உருகிய நீரில் மீன் ஊறாதபடி அடித்துளை வழியே அது வடிந்துகொண்டிருந்தது. ஐஸ் வாங்க முடியாத நாளில் மீன் குழம்பே வைப்பதில்லை என்றார். அப்படி ஒரு நாள் வெறும் சாம்பாரோடு சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன், மனநிறைவாகவே இருந்தது.

குறையும் உண்டு. எல்லா மேசைகளையும் ஒரே ஈரத்துணியால் துடைக்கிறார்கள். நாள் முழுவதும் ஈரமாகவே கிடக்கும் துணியில் கிருமிகள் பெருகும். கை கழுவும் இடத்தில் சோப்பும் இல்லாமல் இருந்தது. இரண்டையும் சொன்னேன், சோப்பு வந்துவிட்டது, துணி இன்னும் மாறவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள். வீட்டிலேயே உறை ஊற்றிய தயிர் அதற்குமேல் இருப்பதில்லை.