டொக்கென்று கேட்கும் சுவர்: செங்கலா, இரும்புச் சட்டமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீடு பார்க்கப் போகிற நம் ஆட்கள் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். உள்ளே வெற்றிடம் போல 'டொக்' என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். "இது வீடா, அட்டைப் பெட்டியா?" லைட் ஸ்டீல் வீடுகள், அதாவது மெல்லிய இரும்புச் சட்ட வீடுகள், பாதி இந்தச் சோதனையிலேயே தோற்றுவிடுகின்றன.

செங்கல்தான் நம் வழக்கம் என்பதும் அவ்வளவு சரியில்லை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் நம்மவர்கள் வாழ்ந்த வீடுகளில் பல மரச் சட்டத்தில் நெளிதகரம் அடித்தவை. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் அங்கிருந்து விரட்டி, 1960களில் சாட்ஸ்வொர்த் குடியிருப்புக்கு அனுப்பிய பிறகுதான் பலருக்குக் கல் சுவரே வாய்த்தது. லைட் ஸ்டீல் அந்தத் தகர வீட்டின் பேரன்தான். மரம் இருந்த இடத்தில் துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்பு. வெளியே ஃபைபர் சிமெண்ட் பலகை, உள்ளே ஜிப்சம் பலகை, நடுவில் கண்ணாடி நார்ப் பஞ்சு.

பெரிய வித்தியாசம் எடையில். 220 மில்லிமீட்டர் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிலோ இருக்கும். இரும்புச் சட்டச் சுவர் அதில் ஒரு சிறு பங்குதான். சாட்ஸ்வொர்த்தில் பழைய வீட்டின் மேல் மகனுக்கு ஒரு மாடி எழுப்ப நினைப்பவர்களுக்கு இது முக்கியம். பழைய அஸ்திவாரம் எவ்வளவு தாங்கும் என்பதை எஞ்சினியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டர்பனில் பல இடங்களில் இருக்கும், 'பெரியா' (Berea) எனப்படும் சிவப்பு மணலும் காய்ந்திருக்கும்போது கெட்டி, நன்றாக நனைந்தால் இறங்கிவிடும். அதற்காக, லேசான வீடு மண்சரிவில் தப்பித்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் மழை மாதிரி ஒன்று வந்து மண்ணே சரிந்தால் இரண்டும் ஒன்றுதான். தாங்குசுவருக்கும் மழைநீர் வடிகாலுக்கும் முதலில் செலவழியுங்கள்.

வெயிலுக்கு எது நல்லது? செங்கல் பகல் சூட்டை வாங்கி வைத்து ராத்திரி திருப்பித் தரும். குளிர்காலத்தில் சுகம், பிப்ரவரிப் புழுக்கத்தில் தூக்கம் போச்சு. இரும்புச் சட்ட வீடு பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறும். ஆனால் பஞ்சு ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். காண்ட்ராக்டர் மிச்சம் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பலகை மூடுவதற்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

திருட்டு பயம் நியாயமானதுதான். பலகைச் சுவரை வெட்டுக் கருவி இருந்தால் வெட்டலாம். நடைமுறையில் திருடன் ஜன்னலைத்தான் தேடுகிறான் என்பது என் எண்ணம். அன்றாடத் தொல்லை வேறு: கனமான டிவி, சாமி அலமாரி, கீசர் எல்லாம் எங்கே வரும் என்று முன்பே சொல்லி, அந்த இடத்தில் உள்ளே மரக்கட்டை வைக்கச் சொல்ல வேண்டும். பிறகு நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. பிளஃப், இசிப்பிங்கோ மாதிரி கடலோரமென்றால் திருகு, கூரைத் தகடு வரை உப்புக்காற்றைத் தாங்குகிற ரகம் கேளுங்கள்.

சிமெண்ட் பிளாக் மலிவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் 140 மில்லிமீட்டர் ஒற்றைச் சுவரில் காற்றோடு வரும் மழை ஊறும். வெளிப்பூச்சில் கஞ்சத்தனம் கூடாது. கன்டெய்னர் வீடு கடைக்கு ஆகும், குடும்பத்துக்கு வேண்டாம்.

அப்புறம் காகித வேலை. எதில் கட்டினாலும் கட்டுநர், வீடு கட்டுநர்களைப் பதியும் என்.எச்.பி.ஆர்.சி. அமைப்பில் பதிந்தவராக இருக்க வேண்டும், புது வீட்டையும் வேலை தொடங்கும் முன் பதிய வேண்டும். பெரிய கட்டமைப்புக் கோளாறுக்கு 5 வருடம், கூரைக் கசிவுக்கு 1 வருடம் பொறுப்பு உண்டு. புதுமாதிரிப் பேனல் என்று யாராவது விற்க வந்தால் அந்தப் புதுமுறை கட்டுமானத்துக்குத் தகுதியானது என்று சொல்லும் அக்ரிமான் சான்றிதழைக் கேளுங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும்.

காலி மனையில் புதிதாகக் கட்டுகிறவருக்கு, பக்கத்திலேயே நல்ல கொத்தனார் இருந்தால், நான் இன்னும் செங்கல்தான் சொல்வேன். மேல்மாடிக்கும் சரிவு மனைக்கும் இரும்புச் சட்டம். தட்டிப் பார்க்கிற மாமாக்கள் என்ன சொன்னாலும் சரி.