விதியா, வெறியா: எட்டு ஆல்பங்களை எதிரெதிரே வைத்து ஓர் அலசல்

ஓர் ஆல்பத்தைப் பரிசோதனை முயற்சி என்று யாராவது சொன்னால், அது எதை விட்டுக்கொடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன். இரைச்சலைக் கூட்டலாம், வேகத்தைக் கூட்டலாம், ஒரு பாட்டை இருபது நிமிடத்துக்கு இழுக்கலாம். சேர்ப்பது எப்போதும் எளிது. ஓர் இசைவகை எந்தத் தூணை நம்பி நிற்கிறதோ அந்தத் தூணையே உருவிவிட்டு, கூரை விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம்.

இந்த ஒரே அளவுகோலை வைத்து, பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் எட்டு ஆல்பங்களை இரண்டிரண்டாக மோதவிட்டுப் பார்த்தேன். பட்டியலை எழுதி முடித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வோர் இணையிலும் ஓர் ஆல்பம் முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டு செய்ததாகவும், மற்றது வெறியும் உள்ளுணர்வும் இழுத்த பக்கம் போனதாகவும் இருந்தது.

ஹிப்-ஹாப்: டெத் கிரிப்ஸ் – கிளிப்பிங்

டெத் கிரிப்ஸின் 'தி மணி ஸ்டோர்' (2012), கிளிப்பிங்கின் 'சிஎல்பிபிஎன்ஜி' (2014). இரண்டும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவை. முதல் குழு சாக்ரமென்டோ, இரண்டாவது லாஸ் ஏஞ்சலஸ். இரண்டிலும் ஒரு ராப்பர், இசைக்கு இருவர். இரண்டும் இரைச்சலையே பீட்டாக மாற்றியவை. அதனால் இவை இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கமாகிவிட்டது. கேட்கக் கேட்க இவற்றுக்குள் இருக்கும் தூரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கிளிப்பிங்கின் விதி மிகக் கறாரானது. ராப்பர் டேவீட் டிக்ஸ் 'நான்' என்று சொல்லமாட்டார். ஹிப்-ஹாப் பிறந்ததிலிருந்தே தன்மை ஒருமையின் கலை. என் பெயர், என் தெரு, என் எதிரி, என் வெற்றி என்றுதான் அது பேசும். அந்த 'நானை' எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? கேமரா மிஞ்சுகிறது. டிக்ஸ் காட்சியைச் சொல்கிறார், பாத்திரங்களை நகர்த்துகிறார், தான் எங்கேயும் நிற்பதில்லை. ஆல்பத்தின் தலைப்பைப் பாருங்கள். குழுவின் ஆங்கிலப் பெயரிலிருந்து 'ஐ' என்ற எழுத்தை இரண்டு இடத்திலும் எடுத்துவிட்டால் வருவதுதான் அது. ஆங்கிலத்தில் 'ஐ' என்றால் நான். இதை அவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அந்த ஆல்பத்தின் முகவரியே அதுதான்.

இசையிலும் அதே கறார்தான். 'கெட் அப்' பாட்டின் அடித்தளம் ஓர் அலாரம் கடிகாரத்தின் பீப் ஒலி. எரிச்சலூட்டவே உண்டாக்கப்பட்ட அந்த ஒலிமேல் ஒரு கோரஸைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இரண்டாம் முறை கேட்கும்போது அந்த பீப் வருவதற்காகக் காது காத்திருக்கிறது. கடைசித் தடம், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1950களில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்த 'வில்லியம்ஸ் மிக்ஸ்' படைப்புக்கு வணக்கம்.

என் அளவுகோல்படி போட்டி இங்கேயே முடிந்திருக்க வேண்டும். 'நானை' விட்டுக்கொடுத்த ஹிப்-ஹாப் ஆல்பத்தைவிடப் பெரிய பரிசோதனை ஏது? ஆனால் கணக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 'சிஎல்பிபிஎன்ஜி'யை ஒருமுறை போடும் நேரத்தில் 'தி மணி ஸ்டோரை'ப் பத்து முறை போட்டிருக்கிறேன். அளவுகோல் தவறா, காது தவறா என்று வெகுநாள் குழம்பினேன்.

விடை டெத் கிரிப்ஸின் ராப்பர் எம்சி ரைடின் குரலில் இருந்தது. அவரும் ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்: சொல் புரிய வேண்டும் என்ற நிபந்தனையை. ராப் என்றால் சொல் முன்னால் நிற்கும், பீட் பின்னால் நிற்கும். ரைட் கத்தும்போது சொல் உடைந்து பீட்டோடு பீட்டாகிறது. 'ஹேக்கர்', 'ஐ'வ் சீன் ஃபுட்டேஜ்' இரண்டையும் வரி தெரியாமலே எத்தனையோ முறை கேட்டேன். வரிகளைப் படித்த பிறகு அவற்றில் நிறைய இருப்பது தெரிந்தது. ஆனால் பாட்டு அதற்கு முன்பே வேலை செய்து முடித்திருந்தது. கீழே ஜாக் ஹில்லின் ட்ரம். ஹெல்லா என்ற ராக் இரட்டையர் குழுவில் கை நிற்காமல் வாசித்தவர், இங்கே அதே வேகத்தை இறுக்கிச் சின்ன டப்பாவுக்குள் அடைக்கிறார். 13 பாடல், 41 நிமிடம். எந்த இடத்திலும் காற்று உள்ளே வராது.

அந்த ஆல்பத்தைச் சுற்றி ஒரு கதையும் உண்டு. அதை வெளியிட்டது எபிக் என்ற பெரிய நிறுவனம். அதே ஆண்டு அக்டோபரில் குழு தன் அடுத்த ஆல்பத்தை நிறுவனத்துக்குச் சொல்லாமல் இணையத்தில் இலவசமாக இறக்கிவிட, ஒப்பந்தம் முறிந்தது. பலர் இந்தக் கலகத்துக்காகவே குழுவை விரும்புகிறார்கள். எனக்குக் கலகம் இரண்டாம்பட்சம். நிறுவனத்துக்குள் இருந்தபோதே செய்த அந்த 41 நிமிடம்தான் பெரிய கலகம்.

என் ஓட்டு 'தி மணி ஸ்டோருக்கு', ஒரு நூலளவு வித்தியாசத்தில். கிளிப்பிங்கின் பிந்தைய ஆல்பங்களை, முக்கியமாக 2019இல் வந்த திகில் ஆல்பத்தை எதிரே வைத்திருந்தால் இந்தத் தீர்ப்பு எனக்கு இன்னும் கடினமாகியிருக்கும். அங்கே 'நான்' இல்லாத குரலுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பேய்க்கதையைச் சொல்பவன் உள்ளே இருக்கக் கூடாது.

மெட்டல்: காட்ஃப்ளெஷ் – மெஷுக்கா

மெட்டலில் எது மிகுதி? கைத்திறன். வேகமான விரல்கள், இரட்டை பேஸ் ட்ரம், சிக்கலான கணக்கு. அப்படியானால் மெட்டலில் பரிசோதனை என்பது திறமையை ஒளித்துவைப்பதாகத்தான் இருக்க முடியும்.

காட்ஃப்ளெஷின் 'ஸ்ட்ரீட்க்ளீனர்' (1989) ட்ரம் வாசிப்பவரையே நீக்கிவிட்டது. அந்த இடத்தில் ஓர் எந்திரம். குழுவின் கிட்டாரும் குரலுமான ஜஸ்டின் பிராட்ரிக்கின் பின்னணி தெரிந்தால் இது எவ்வளவு துணிச்சல் என்பது விளங்கும். பதின்வயதில் நேபாம் டெத் குழுவில் கிட்டார் வாசித்தவர். 'ஸ்கம்' (1987) ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அவருடைய கிட்டார். ஒன்றே கால் நொடி சொச்சத்தில் முடிந்துவிடும் 'யூ ஸஃபர்' அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. உலகின் மிக வேகமான இசைக்குள் நின்றவர், வெளியே வந்து, இருபது வயதுவாக்கில் எந்திரத்தை மெதுவாக அடிக்கவிட்டு, அதன்மேல் ஒரே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் மெட்டை, தேய்க்கிறார். ஊரோ பர்மிங்காம், பிளாக் சபாத் பிறந்த ஊர். மெட்டலின் தாய்வீட்டிலேயே மெட்டலைப் பட்டினி போட்ட ஆல்பம் இது.

ஸ்வீடனின் மெஷுக்கா 2005இல் 'கேட்ச் தர்ட்டித்ரீ'யில் ட்ரம்மை எந்திரத்திடம் கொடுத்தது. ஆனால் அந்த மென்பொருளில் இருந்த ஒலிகள் அவர்களுடைய ட்ரம்மர் தோமாஸ் ஹாகே வாசித்துப் பதிந்தவை. தன் கையின் எதிரொலியைக் கணினியில் நட்டுவைத்திருக்கிறார். 13 தடங்களாகப் பிரித்திருந்தாலும் 47 நிமிடம் ஒரே படைப்பு. கிட்டாரும் பேஸ் ட்ரம்மும் ஒற்றைப்படைக் கணக்கில் சுழல, மேலே சிம்பல் நாலின் கணக்கிலேயே நடக்கிறது. இரண்டும் எங்கே சமத்தில் சேரும் என்று எண்ணிக்கொண்டே கேட்பது தனிச் சுகம். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நடுவில் எல்லாம் அடங்கி ஓர் எந்திரக் குரல் மட்டும் பேசும் இடம் இருக்கிறதே, அங்கே ஆல்பம் ஒரு நிமிடம் என்னை உண்மையாகவே பயமுறுத்தியது.

ஆனாலும் மெஷுக்கா செய்தது கூட்டல். மெட்டலில் ஏற்கெனவே நிறைய இருந்த கணிதத்தை இன்னும் மேலே ஏற்றினார்கள். ட்ரம்மர் இல்லாமல் போனாலும் ட்ரம்மரின் சாமர்த்தியம் போகவில்லை. காட்ஃப்ளெஷில் சாமர்த்தியமே இல்லை. 'லைக் ராட்ஸ்' பாட்டின் ரிஃப்பை கிட்டார் கற்க வந்தவர் சில நாளில் வாசித்துவிடலாம். அந்த எந்திரம் இரக்கமில்லாமல் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருக்க, ஜி. சி. கிரீனின் பேஸ் தரையைச் சுரண்ட, நடுவில் பிராட்ரிக்கின் குரல் மனிதனுடையதாக இருப்பதால்தான் வலிக்கிறது. எந்திரம் பக்கத்தில் நின்றால்தான் மனிதக் குரலின் பலவீனம் தெரியும் என்பதை இந்த ஆல்பத்திடம்தான் கற்றேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அந்த எந்திர அடியில் ஹிப்-ஹாப் காது இருக்கிறது. மெட்டல் ட்ரம் முன்னே ஓடும். இது சற்றே பின்னே சாய்ந்து நிற்கும். பிராட்ரிக் அந்தக் காதை விடவே இல்லை. இன்னோர் இசைக்கலைஞரான கெவின் மார்ட்டினோடு சேர்ந்து 2001இல் டெக்னோ அனிமல் என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பத்தில் டேலெக், எல்-பி போன்ற ராப்பர்களையே அழைத்துவந்தார். மேலே சொன்ன இரண்டு ஹிப்-ஹாப் ஆல்பங்களையும் பிடித்தவர்களுக்கு அதைத்தான் அடுத்ததாகக் கொடுப்பேன்.

தீர்ப்பில் எனக்குத் தயக்கமே இல்லை: 'ஸ்ட்ரீட்க்ளீனர்'.

பங்க்: வயர் – ரெஃப்யூஸ்டு

இங்கே சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் வித்தியாசம் பெரிது.

ரெஃப்யூஸ்டு, மெஷுக்கா பிறந்த அதே ஊமியோ நகரத்துக் குழு. 'தி ஷேப் ஆஃப் பங்க் டு கம்' 1998இல் வந்தது, அதே ஆண்டில் குழுவும் உடைந்தது. எலக்ட்ரானிக் பீட், ஜாஸ், தந்தி வாத்தியம், உரைவீச்சு என்று பங்கில் சேராத எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 'நியூ நாய்ஸ்' பாட்டின் தொடக்கத்தில் கிட்டார் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, அடங்கி, பிறகு வெடிக்கும் இடத்துக்கு இன்றும் எனக்கு ரோமம் சிலிர்க்கிறது. ஆனால் தலைப்பைக் கடன் வாங்கியது யாரிடம்? ஆர்னெட் கோல்மனின் 1959 ஜாஸ் ஆல்பத்திடம். அந்த ஆல்பத்தில் பியானோ கிடையாது. சுருதிக்கூட்டு கொடுத்து வழிகாட்டும் வாத்தியத்தையே கோல்மன் எடுத்துவிட்டார். தலைப்பைக் கடன் வாங்கியவர்கள் அந்தத் துணிவைக் கடன் வாங்கவில்லை. வாத்தியங்கள் கூடின, கோபம் அப்படியே இருந்தது.

வயரின் 'பிங்க் ஃபிளாக்' (1977): 21 பாடல், சுமார் 35 நிமிடம். ஒரு பாட்டு 28 நொடியில் முடிகிறது. சொல்ல வந்தது தீர்ந்தால் பாட்டும் தீர்ந்தது. கோரஸுக்குத் திரும்பி வருவது, கடைசியில் ஒருமுறை ஓங்கி அடிப்பது எதுவும் இல்லை. பங்க் என்றால் கொதிப்பு என்று எல்லோரும் நம்பிய அதே ஆண்டில் கொதிப்பை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் காட்டினார்கள். முதல்முறை கேட்டபோது பல பாடல்கள் பாதியில் அறுந்ததுபோல் இருந்தன. இப்போது மற்ற பங்க் ஆல்பங்களில்தான் ஒவ்வொரு பாட்டும் ஒரு நிமிடம் அதிகமாக ஓடுவதாகத் தோன்றுகிறது.

மெட்டலில் வெறி வென்றது, பங்கில் விதி வெல்கிறது. பங்கில் வெறி ஏற்கெனவே வேண்டிய மட்டும் உண்டு. விதிதான் அதற்கு அந்நியமானது.

எலக்ட்ரானிக்: ஆடெக்கர் – பரியல்

அதே காரணத்தால் இங்கே முடிவு தலைகீழாகிறது. எலக்ட்ரானிக் இசை பிறந்ததே எந்திரத்தின் ஒழுங்கில். சம இடைவெளியில் விழும் பீட்தான் அதன் தூண். இந்த இரண்டு ஆல்பங்களும் அந்தத் தூணைத்தான் உருவுகின்றன, வெவ்வேறு பக்கத்திலிருந்து.

ஆடெக்கருக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 1994இல் பிரிட்டன் அரசு நடன விருந்துகளை ஒடுக்கக் கொண்டுவந்த சட்டம், திரும்பத் திரும்ப வரும் பீட்டைக் குறிப்பிட்டே இலக்கணம் வகுத்தது. அதை எதிர்த்து ஆடெக்கர் வெளியிட்ட இசைத்தட்டில் 'ஃபிளட்டர்' என்ற தடத்தின் தாளம், எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல் இல்லாதபடி அமைக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டே சட்டத்தை மீறாத நடன இசை. எட்டு ஆல்பங்களுக்கும் வெளியே இருக்கும் இந்த ஒரு தடத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

'கன்ஃபீல்ட்' (2001) அந்த எண்ணத்தின் முதிர்ச்சி. ஒலிகளை அடுக்குவதற்குப் பதில், ஒலிகளை உண்டாக்கும் விதிகளை மென்பொருளில் எழுதி ஓடவிட்டார்கள். முதல் தடத்தில் ஏதோ உலோகத் தட்டு தரையில் சுழன்றுகொண்டே இருப்பதுபோல் ஒரு சத்தம். அது விழும் விழும் என்று காத்திருந்தால் விழாமலே ஒரு மெட்டு முளைக்கிறது. கடைசித் தடத்தில் தாளம் உருகி ஓடுகிறது.

பரியலின் 'அன்ட்ரூ' (2007) நேர் எதிர். பீட்டுகளைக் கட்டத்துக்குள் பூட்டும் மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்டும் சாதாரண எடிட்டரில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பீட் ஒரு மயிரிழை தள்ளித்தான் விழும். ஒவ்வோர் அடியும் யாரோ கையால் வைத்ததுபோல் இருக்கும். மழைச் சத்தம், இசைத்தட்டின் கீறல், ஆர் அண்ட் பி பாட்டிலிருந்து எடுத்துச் சுருதியை ஏற்றி இறக்கி, ஆணா பெண்ணா என்று தெரியாமல் ஆக்கிய குரல்கள். 'ஆர்க்கேஞ்சல்' தடத்தில் அந்தக் குரல் ஒரே வரியை மீண்டும் மீண்டும் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் கேட்பதுபோல் இருக்கிறது.

துணிச்சலை மட்டும் எடைபோட்டால் 'கன்ஃபீல்ட்' மேலே. ஆனால் எந்திர இசையில் இன்னும் நுட்பமான எந்திரத்தை வைப்பது, மெஷுக்கா செய்த அதே கூட்டல். பரியல் எந்திரத்தின் நிச்சயத்தையே விட்டுக்கொடுத்தார். தவறிவிடும் கை ஒன்றை உள்ளே விட்டார். என் ஓட்டு 'அன்ட்ரூ'வுக்கு.

அதற்காக 'கன்ஃபீல்டை' ஒதுக்கிவிடவில்லை. ஒன்பது தடங்களில் 'எய்டெட்டிக் கேசீன்', 'யூவியல்' இரண்டும் எனக்கு இப்போது மனப்பாடம். முதல் தடம் கடந்த சில மாதங்களில்தான் வழிவிட்டது. மீதி ஆறையும் வாரத்துக்கு ஒருமுறையாவது, வேறு வேலை எதுவும் செய்யாமல், ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.