மூன் ட்ரெக்: நிலவுக்கு லெவல் எடுத்த கதை

பரமத்தி வேலூர்ப் பக்கம் இருபது வருடமாக நிலம் அளக்கிறேன். வாய்க்காலுக்கு லெவல் எடுப்பதுதான், அதாவது இடத்துக்கு இடம் மேடு பள்ளம் எவ்வளவு என்று அளப்பதுதான் பாதி வேலை. போன மாதம் அக்கா மகன் நிலவின் டைகோ பள்ளத்துப் படத்தைக் காட்டி, "ஏனுங் மாமா, இது மேடுங்களா, குழிங்களா?" என்றான். படம் தலைகீழாக இருந்தது. மேல் விளிம்பு வெளிச்சமாகவும் கீழ் விளிம்பு நிழலாகவும் இருக்க, எனக்கும் மேடாகத்தான் பட்டது.

சரி என்று நாசாவின் மூன் ட்ரெக் தளத்தைத் திறந்தோம். இலவசம், பிரவுசரிலேயே ஓடும். பள்ளத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் போதும், உயரங்களை வரைபடமாகத் தந்துவிடுகிறது. நாங்கள் ஆட்டோ லெவல் கருவியை வைத்து நாள் முழுக்க வெயிலில் நின்று எடுக்கிற அதே கிராஸ் செக்‌ஷன்! அகலம் சுமார் 85 கிலோமீட்டர். விளிம்பிலிருந்து தரை 4.7 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நடுவில் 2 கிலோமீட்டர் உயரச் சிகரம் வேறு. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவை உள்ளே இறக்கி வைத்தாலும் விளிம்புக்கு எட்டாது. குழிதான் என்று பையனுக்கு அப்புறம் சந்தேகமே இல்லை.

இந்த அளவுகளுக்கு அடிப்படை, 2009-ல் ஏவப்பட்டு நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ விண்கலத்தில் உள்ள லோலா என்ற லேசர் கருவி. நொடிக்கு 28 முறை லேசர் அடித்து, ஒவ்வொன்றையும் ஐந்தாகப் பிரித்து, திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரம் பார்க்கிறது. ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் எங்கள் டோட்டல் ஸ்டேஷன் கருவியின் வேலைதான், எதிரே நின்று அதைத் திருப்பி அனுப்பும் பிரிசம் பிடிக்கத்தான் ஆள் கிடையாது. விண்கலம் துருவங்களின் மேலாகச் சுற்றுவதால் அங்கே ரீடிங் நெருக்கம். நிலவின் நடுக்கோட்டருகே பாதைகளுக்கிடையே இடைவெளி விழும், அதைக் கணக்குப் போட்டோ வேறு விண்கலப் படங்களை வைத்தோதான் நிரப்ப வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாமே அளந்த இடம் போல வழவழவென்று தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள்.

முப்பரிமாண அச்சுக்கான கோப்பும் இறக்கலாம். ஈரோட்டில் ஒரு கடையில் கொடுத்து, 100 கிலோமீட்டர் சதுரத்தைப் பத்து சென்டிமீட்டராக அச்சடித்தோம். பள்ளத்தின் ஆழம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை! உயரத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம் என்றார்கள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். அந்த அச்சுக்குப் பக்கத்தில் எங்கள் பக்கத்துச் சித்தம்பூண்டி ஊர்க் கல் ஒன்றைப் பையன் வைத்திருக்கிறான். நிலவின் மேட்டுநிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் வகைப் பாறை அது, இஸ்ரோ நிலவு மண் மாதிரி செய்தது அதிலிருந்துதான்.

அடுத்து, 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 இறங்கிய சிவசக்தி இடத்துக்கு லெவல் எடுக்கப்போகிறோம். தென் துருவப் பக்கம் என்பதால் ரீடிங் நெருக்கமாகவே இருக்கும்.